கை மாறாத சீட்டு

தேனி
14 ஆகஸ்ட் 2000, திங்கள்

அய்யம்மா,

கவர்ல என் கையெழுத்தப் பாத்ததும் கிழிச்சுப் போடாம இவ்வளவு தூரம் பிரிச்சிருந்தேன்னா, மிச்சத்தையும் படிச்சிரு. மார்ச்சுல நீ பெட்டியத் தூக்கிட்டு மெட்ராஸ் பஸ் ஏறுனதுல இருந்து அஞ்சு மாசமா நானும் வாயத் தொறக்கல. இப்பத் தொறக்கிறேன். வேற வழியில்ல.

நீ வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டத நான் செஞ்சிட்டேன். போடிநாயக்கனூர் ராக்கப்பன் ஏலக்காய்க் கம்பெனி ஞாபகம் இருக்கா? போன வருசம் ஒத்தக் கம்ப்யூட்டர்ல உன் புரோகிராம ஏத்திக் குடுத்தோமே, அதே இடம். இப்ப அங்கன மூணு கம்ப்யூட்டர். எடை மேசையில ஒன்னு, தரம் பிரிக்கிற மேசையில ஒன்னு, மூட்டை அனுப்புற மேசையில ஒன்னு. மூணையும் கேபிள் இழுத்து நெட்வொர்க்கா மாட்டி, உன் புரோகிராம அதுல ஏத்திட்டேன். முன்னாடி எடை போட்டுச் சீட்டு எழுதி, அத ஒரு ஆள் தூக்கிட்டு அடுத்த மேசைக்கு ஓடணும். இப்ப இங்கன தட்டுனா அங்கன தெரியும். முதல் நாள் ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. நான் ராஜாத்தி மாதிரி நின்னேன், பொய் சொல்லல.

மறுநாள்ல இருந்து புடிச்சது சனியன். கம்ப்யூட்டர் மூணும் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு, கரண்டும் இருக்கு, ஆனா ஒன்னுக்கொன்னு தொடுப்பு அறுந்து போகுது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா வருது. அதுக்குள்ள எழுதிக்கிட்டு இருந்த லாட்டு, அதான் மூட்டைக்கு நம்பர் போட்டு எழுதுற கணக்கு, பாதியில மாட்டி, ஃபைல் கெட்டுப் போகுது. 214ஆம் லாட்டக் காணோம். 231 ரெண்டு தடவ வந்து நிக்குது. ஒரு தோட்டக்காரரோட மூட்டை இன்னொருத்தர் பேர்ல லாரி ஏறப் பாத்துச்சு.

ராக்கப்பன் முதலாளி பொறுமையான மனுசன். அவுக மருமகன் வைகுண்டராஜ் அப்படி இல்ல. கோயமுத்தூர்ல படிச்சவர், அங்கன இருந்து ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியக் கூட்டியாரப் போறேங்கிறார். செப்டம்பர் 15 வரைக்கும் எனக்குக் கெடு. அதுக்குள்ள சரியாகலன்னா கேபிளெல்லாம் புடுங்கி வாசல்ல போட்டுருவாக. அப்படிப் போட்டா இந்தப் பள்ளத்தாக்குல கூடலூர் வரைக்கும் எவன் நம்மள உள்ள விடுவான்? எங்கப்பா இப்பவே பள்ளிக்கூடத்துல மதர்கிட்ட எனக்கு டைப்பிஸ்ட் வேலைக்குச் சொல்லி வச்சிட்டாக. நம்ம கம்ப்யூட்டர் கடையப் பூட்டிட்டு ராயப்பன்பட்டிக்குத் திரும்பிப் போய் மார்க் ஷீட் அடிக்கணும்.

உதவின்னு கேக்க வாய் வரல. ஆனா கேக்கத்தான் எழுதறேன்.

பெனிட்டா


சென்னை
18 ஆகஸ்ட் 2000

செல்வி பெனிட்டா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அந்தப் புரோகிராம் ஒற்றைக் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது. ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு ஃபைல். மூன்று பேர் ஒரே ஃபைலில் கை வைத்து, நடுவில் தொடுப்பு அறுந்தால் ஃபைல் கெடும் என்று மார்ச் மாதமே சொன்னேன். ஆறு மாதம் அவகாசம் கேட்டேன். அதற்குத் தாங்கள் ராக்கப்பன் அய்யா முன்னாலேயே சொன்ன பதில் எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "அவ பயந்தாங்கொள்ளி முதலாளி, நான் மாட்டித் தர்றேன்." அவர் சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள். நான் என் கையால் எழுதிய புரோகிராமைப் பற்றி என் எதிரிலேயே.

இங்கே ஆபீஸில் என் பெயரை வாய் நிறையச் சொல்ல யாராலும் முடியவில்லை, "அய்யா" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை.

இருந்தாலும், கெட்டுப் போவது என் ஃபைல். அதனால் ஒன்று சொல்கிறேன். தொடுப்பு எப்போது அறுந்தது, எப்போது திரும்ப வந்தது என்று புரோகிராம் தானாக ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். தங்களிடம் சொல்லாமல் அதை நான் உள்ளே வைத்திருந்தேன். எடை மேசைக் கம்ப்யூட்டரில் PIZHAI என்ற பெயரில் இருக்கும். அதை எழுதி அனுப்பவும். நான் சரிசெய்து தருவேன் என்று இதற்கு அர்த்தமில்லை. ஹாஸ்டலுக்குப் போன் செய்ய வேண்டாம்.

அய்யம்மாள்


தேனி
22 ஆகஸ்ட் 2000, செவ்வாய்

அய்யம்மா,

"தங்கள்", "தாங்கள்"னு நீ எழுதுனத மூணு தடவ படிச்சேன். ஒவ்வொன்னும் ஊசி. குத்து, எனக்கு வேணும்.

நீ சொன்ன ஃபைல் இருந்துச்சு. கள்ளி, எங்கிட்டச் சொல்லாமலே வச்சிருக்க பாரு. முத வாரத்த மட்டும் எழுதறேன், ரெண்டாவது வாரமும் கிழமைக்குக் கிழமை அச்சு மாதிரி அப்படியேதான் இருக்கு.

திங்கள்: காலையில 8.05க்குத் தொறக்கும்போதே தொடுப்பு இல்ல, 9.01க்கு வந்துச்சு.
செவ்வாய்: 3.00க்குப் போச்சு, 4.32க்கு வந்துச்சு.
புதன்: 12.01க்குப் போச்சு, 1.30க்கு வந்துச்சு.
வியாழன்: 1.31க்குப் போச்சு, 3.02க்கு வந்துச்சு.
வெள்ளி: 10.30க்குப் போச்சு, 12.00க்கு வந்துச்சு.
சனி: 9.00க்குப் போச்சு, 10.31க்கு வந்துச்சு.
ஞாயிறு லீவு.

முதல்ல எலின்னு நெனச்சேன், பொறி வச்சேன். கெடச்சது ஒரு மூஞ்சூறு. எலி கிழமை பாத்தாடி கடிக்கும்? ஏலக்காய் சலிக்கிற மோட்டார் மேல சந்தேகப்பட்டேன், ஒரு நாள் நிறுத்தச் சொன்னேன், அப்பவும் போச்சு. கேபிள் பூராத்தையும் மாத்திட்டேன். எங்கப்பா மாதா கோயில்ல இருந்து தீர்த்தம் குடுத்து விட்டாக, அதையும் தெளிச்சேன், கம்ப்யூட்டர் மேல படாமத்தான்.

முத்துப்பேச்சின்னு எடை மேசையில ஒரு புள்ள இருக்கு. ஃபைல் கெட்டா அதுதான் எனக்குப் போன் போடும். நான் தேனியில பஸ் ஏறிப் போய்ச் சேருறதுக்குள்ள எல்லாம் ஒழுங்கா ஓடிக்கிட்டு இருக்கும். ஒரே ஒரு வியாழக்கிழமை, கண்ணு முன்னாலயே நின்னுச்சு, ரெண்டு மணி இருக்கும். கேபிளெல்லாம் வந்து சேர்ற சின்னப் பெட்டி இருக்கே, பச்சை லைட்டு மினுக்குமே, அதப் பாக்க ஓடுனேன். தூசி படாம இருக்கட்டும்னு அத முதலாளி ரூம்லதான் வச்சிருக்கேன். கதவு உள்ள தாப்பா. "முதலாளி உள்ள இருக்காக, இப்பத் தட்டக் கூடாதுக்கா"ன்னு முத்துப்பேச்சி சொல்லிட்டு சாவகாசமா முறுக்குத் தின்னுச்சு. நான் நகத்தக் கடிச்சுக்கிட்டு நின்னேன். மூணு மணிக்குத் தானா வந்துருச்சு.

இன்னும் இருபத்து நாலு நாள்தான் இருக்கு. எனக்கு ஒன்னும் புரியல. பயமா இருக்கு. யாரு பயந்தாங்கொள்ளின்னு இப்பத் தெரியுதா?

பெனிட்டா


சென்னை
26 ஆகஸ்ட் 2000, சனி

ஏடி லூசு,

ஹாஸ்டல் வராந்தாவுல நின்னு உன் கடிதத்தப் படிச்சேன். திங்கள், செவ்வாய் வரைக்கும் நெத்தியச் சுருக்கிக்கிட்டுத்தான் படிச்சேன். புதன்கிழமைக்கு வந்ததும் சிரிச்சேன் பாரு, பக்கத்து ரூம் புள்ளைக ரெண்டும் ஓடி வந்துருச்சு. அஞ்சு மாசத்துல நான் அப்படிச் சிரிச்சதே இல்ல. உன் மேல இருந்த கோவத்துல பாதி அதுலயே போயிருச்சு, போயிருச்சேங்கிற எரிச்சல் வேற.

நீ யாருக்கு இந்தப் பட்டியல அனுப்பியிருக்கேன்னு தெரியுதா? குச்சனூர்க்காரிக்கு. எங்கப்பா சனீஸ்வரர் கோயில் வாசல்ல எள்ளு விளக்கு விக்கிறாக. நான் எண்ணக் கத்துக்கிட்டதே அவுக கடையில தொங்குற காலண்டர்லதான். திங்கள் ஏழரை ஒன்பது. சனி ஒன்பது பத்தரை. வெள்ளி பத்தரை பன்னெண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அது ராகு காலம்டி. உன் நெட்வொர்க்கு ராகு காலம் பாத்து நிக்குது, ராகு காலம் முடிஞ்சதும் எந்திரிச்சு வருது. நீ சர்ச் மணி கேட்டு வளந்தவ, உனக்கு எங்க தெரியப் போகுது. உங்க வீட்டுக் காலண்டர்லயும் கீழ சின்ன எழுத்துல போட்டிருப்பாக, எடுத்துப் பாரு.

கம்ப்யூட்டருக்கு ராகு காலம் தெரியாது. தெரிஞ்ச மனுசன் யாரோ கை வைக்கிறாக. வர்ற செவ்வாய்க்கிழமை ரெண்டே முக்காலுக்கே முதலாளி ரூமுக்குள்ள போய் உக்காந்துரு. கணக்கா மூணு மணிக்கு என்ன நடக்குதுன்னு பாரு. குதிக்காத, சண்டை போடாத, வாயத் தொறக்காத. உனக்குக் கடைசி ஒன்னுதான் கஷ்டம்.

அய்யம்மா

பி.கு: "செல்வி" போட மறந்துட்டேன். இந்தத் தடவ விட்டுட்டேன்னு வச்சுக்க.


தேனி
30 ஆகஸ்ட் 2000, புதன்

அய்யம்மா, என் தெய்வமே,

நேத்து போய் உக்காந்தேன். ஃபேன் சரியா ஓடலன்னு ஒரு பொய்யச் சொல்லி முதலாளி ரூம்லயே நாற்காலி போட்டுட்டேன். மூணு மணி அடிக்க ரெண்டு நிமிசம் இருக்கு. முதலாளி எந்திரிச்சாக. கதவத் தாப்பாப் போட்டாக. செருப்பக் கழட்டி ஓரமா விட்டாக. சாமி படத்தப் பாத்து ஒரு கும்பிடு. அப்பறம் குனிஞ்சு, ரெண்டு வெரலால, குழந்தை கையில இருந்து எதையோ வாங்குற மாதிரி மெதுவா, நம்ம பெட்டியோட பிளக்கப் புடுங்கினாக. பச்சை லைட்டு அணைஞ்சுச்சு. அவுக திரும்ப வந்து உக்காந்து பேப்பர் படிக்க ஆரம்பிச்சிட்டாக.

வாயத் தொறக்காதன்னு நீ சொன்ன. ஒரு நிமிசம் தாங்குனேன்.

"என்ன முதலாளி பண்றீக?"

"நீதானத்தா சொன்ன, இந்த மேசையில இருந்து அந்த மேசைக்குச் சீட்டக் கொண்டு போறது இந்தப் பெட்டிதான்னு."

"ஆமா, சொன்னேன்."

"எங்க கம்பெனியில ராகு காலத்துல சீட்டு கை மாறக் கூடாது. எங்கப்பா காலத்து வழக்கம். எடை போடுறவுக எடை போடலாம், சலிக்கிறவுக சலிக்கலாம். சீட்ட மட்டும் அவுகவுக மேசையிலயே அடுக்கி வச்சிருந்து, ராகு காலம் முடிஞ்சதும் குடுக்கணும். ஆளுக்கு ஒரு சட்டம், பெட்டிக்கு ஒரு சட்டமா? அதான் அதையும் நிப்பாட்டி வைக்கிறேன்."

சத்தியமாச் சொல்றேன், எனக்குக் கோவம் வரல. அந்தக் கட்டடத்துலயே நான் சொன்னதக் காது குடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவுகதான். நெட்வொர்க்குன்னா என்னன்னு சரியாப் புரிஞ்சுக்கிட்டு அதையே நிறுத்தியிருக்காக.

வெளிய வந்து முத்துப்பேச்சியக் கேட்டேன், ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லலன்னு. "நீங்கதான் அப்படி செட் பண்ணி வச்சிருக்கீகன்னு நெனச்சேன்க்கா. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ராகு காலம் தெரியும்னு கோம்பை வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன்"னுச்சு. தலையில கை வச்சு உக்காந்துட்டேன்.

முதலாளிகிட்ட, பிளக்க மட்டும் புடுங்காதீகன்னு கெஞ்சிப் பாத்தேன். "அம்பது வருச வழக்கத்த ஒரு பெட்டிக்காக மாத்தச் சொல்றியா ஆத்தா?"ன்னு கேட்டாக. மருமகன் பக்கத்துல நின்னு, "இதெல்லாம் மூடநம்பிக்கை, பதினஞ்சாம் தேதி கோயமுத்தூர் ஆளுக வர்றாக, அவுக சர்வர்ல பிளக்கே தெரியாது"ன்னார். முதலாளி மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்கும்தான்.

ஆக, என்ன கோளாறுன்னு தெரிஞ்சிருச்சு, மாத்தத்தான் முடியாது.

அய்யம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ பயந்தது ஃபைலுக்காக. நான் உன்னச் சொல்லிச் சிரிச்சது முதலாளி முன்னாடி பெரிய ஆளாத் தெரியணும்னு. அதுக்கு மன்னிப்பு கேக்கிறேன். நீ ஒன்னும் செய்யாட்டியும் இந்த மன்னிப்பு இருக்கட்டும்.

பெனிட்டா


சென்னை
6 செப்டம்பர் 2000, புதன்

பெனிட்டா,

இந்தக் கவர்ல ரெண்டு ஃப்ளாப்பி இருக்கு. மடக்காத, வெயில்ல வைக்காத, உங்கப்பாகிட்டத் தீர்த்தம் தெளிக்கக் குடுக்காத.

மூணு நாள் லீவு போட்டேன். காய்ச்சல்னு சொன்னேன், மூஞ்சியும் அப்படித்தான் இருந்துச்சு. உன் கடிதத்துல ஒரு வரிய மட்டும் எடுத்து மேசை மேல ஒட்டி வச்சுக்கிட்டேன். "சீட்ட அவுகவுக மேசையிலயே அடுக்கி வச்சிருந்து, ராகு காலம் முடிஞ்சதும் குடுக்கணும்." நானும் இந்த ஆபீஸ்ல பெரிய பெரிய ஆளுகளக் கேட்டுட்டேன், தொடுப்பு அறுந்தா என்ன செய்யறதுன்னு. அறுந்து போகாமப் பாத்துக்கன்னாக. ராக்கப்பன் முதலாளியோட அப்பா அம்பது வருசத்துக்கு முன்னாடியே வழி சொல்லி வச்சிருக்காக. அறுந்தா அறுந்து போகட்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு மேசையும் ஒத்தையா வேலை பாக்கட்டும், சேந்ததும் சீட்டக் குடுத்துக்கட்டும்.

அப்படியேதான் எழுதியிருக்கேன். பெட்டி நின்னா, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி தன் சீட்டத் தன்கிட்டயே அடுக்கி வச்சுக்கும். லாட் நம்பர் எடை மேசை மட்டும்தான் குடுக்கும், அதனால ரெண்டு 231 வராது. பெட்டி திரும்ப வந்ததும் முதல்ல எழுதுன சீட்டு முதல்ல, வரிசை மாறாம அடுத்த மேசைக்குப் போகும். போய்ச் சேந்தது உறுதியானாத்தான் இங்கன அழியும். பழைய புரோகிராம எடுத்துட்டு இத ஏத்து. எடை மேசையில முதல் ஃப்ளாப்பி, மத்த ரெண்டுலயும் ரெண்டாவது ஃப்ளாப்பி. மாத்திப் போட்டேன்னா நான் அங்கன வந்து உன்ன அடிப்பேன்.

ஒன்னு சொல்லணும். மார்ச்சுல நான் ஆறு மாசம் கேட்டப்ப, ஆறு மாசத்துல முடியும்னு நெனச்சுக் கேக்கல. எப்படிச் செய்யறதுன்னே எனக்குத் தெரியல. அத வெளிய சொல்லப் பயந்தேன். நீ பயந்தாங்கொள்ளின்னதும் அதனாலதான் அவ்வளவு சுட்டுச்சு, உண்மையா இருந்துச்சு. நீ மாட்டாம இருந்திருந்தா நான் இத எழுதியிருக்கவே மாட்டேன்.

அய்யம்மா

பி.கு: திரையத் தொறந்ததும் மேல ரெண்டு பேர் வரும். உன் பேர்தான் முதல்ல. எழுத்து வரிசைப்படி போட்டா என் பேர்தான் முன்னாடி வரணும், ஞாபகம் வச்சுக்க.


தேனி
16 செப்டம்பர் 2000, சனி

அடியே அய்யம்மா,

எந்த இடத்துல ஆரம்பிக்கன்னு தெரியல. ஜெயிச்சிட்டோம், மொதல்ல அதச் சொல்லிர்றேன். இப்ப ஆற அமரப் படி.

நேத்து வெள்ளிக்கிழமை. மலையில இருந்து ஒம்பது ஜீப்பு மூட்டை வந்து எறங்கிருச்சு. கோயமுத்தூர் ஆளுக ரெண்டு பேர் டை கட்டி, ரெண்டு கம்ப்யூட்டரும் அவுக பெட்டியும் கொண்டாந்து பக்கத்து மேசையில மாட்டிட்டாக. வைகுண்டராஜ் அவுகளுக்கு இளநி வெட்டிக் குடுக்கிறார். எனக்குத் தண்ணி கூட இல்ல. முத்துப்பேச்சிதான் பாவம், தன் சொம்ப நீட்டுச்சு.

பத்தரை மணி. முதலாளி செருப்பக் கழட்டுறாக, கும்பிடுறாக. இந்தத் தடவ கதவத் தொறந்தே வச்சிருந்தாக. எல்லாரும் பாக்க, பிளக்கப் புடுங்கினாக. பச்சை லைட்டு அணைஞ்சிருச்சு. முத்துப்பேச்சி அடுத்த மூட்டையத் தராசுல ஏத்தி, தட்டுச்சு. கம்ப்யூட்டர் வாங்கிக்கிச்சு. இன்னொன்னு. வாங்கிக்கிச்சு. திரையில ஓரமா நீ எழுதி வச்சிருந்தது வந்துச்சு: "சீட்டு இந்த மேசையில் இருக்கிறது." அத முதலாளி கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாய்விட்டுப் படிச்சாக. ரெண்டு தடவ படிச்சாக.

ஒன்னரை மணி நேரம். மூணு மேசையும் நிக்கவே இல்ல. பன்னெண்டு மணிக்கு முதலாளி பிளக்கச் சொருகினாக. எல்லாரும் தரம் பிரிக்கிற மேசையச் சுத்தி நின்னோம். சீட்டு வர ஆரம்பிச்சுச்சு. ஒன்னு, ரெண்டு, பத்து, இருபது. வரிசையா, ஒரு நம்பர் விட்டுப் போகாம, அறுபத்து மூணு சீட்டு. செல்லப்பாண்டின்னு ஒரு சுமை தூக்குறவர், அவர்தான் முதல்ல கை தட்டினார். அப்பறம் மலையில இருந்து வந்த தோட்டக்காரவுக தட்டினாக. நான் அழுதுட்டேன், மூக்கு ஒழுக அழுதேன், வெக்கமே இல்ல.

அதோட முடியல. முதலாளி மெதுவா கோயமுத்தூர் மேசைப் பக்கம் போனாக. "தம்பிகளா, ஒங்க பெட்டியையும் ஒரு தடவ புடுங்கிக் காட்டுங்க"ன்னாக. "சார், அதெல்லாம் புடுங்கக் கூடாது"ன்னாக. "மலையில கரண்டு போனா ஒங்களக் கேட்டாய்யா போகும்? புடுங்குங்க"ன்னாக. புடுங்கினாக. ரெண்டு கம்ப்யூட்டரும் கல்லு மாதிரி நின்னுச்சு. எழுதிக்கிட்டு இருந்த சீட்டும் போச்சு. ஒருத்தர் டையத் தளத்திக்கிட்டார். வைகுண்டராஜ் நேரா எங்கிட்ட வந்து, "இத எழுதினது யாரு?"ன்னார். நல்ல மனுசன்தான், ஒத்துக்கிட்டார்.

முதலாளியே பதில் சொன்னாக. திரையில உன் பேரத் தொட்டுக் காட்டி, "குச்சனூர் வெளக்குக் கடைக்காரர் மக. அன்னைக்கு இந்த ரூம்ல நின்னு, அவசரப்படக் கூடாதுன்னு சொன்ன புள்ள. நாந்தான் சிரிச்சிட்டேன்"னாக. கேட்டுக்க. அவுகளுக்கும் ஞாபகம் இருக்கு.

கம்பத்துல இருக்கிற அவுக கிளைக்கும், குமுளிக்கும் நம்மதுதான் ஏத்தணுமாம். சாயங்காலத்துக்குள்ள சின்னமனூர் மண்டிக்காரவுக ரெண்டு பேர் கேட்டு விட்டுட்டாக. மார்க்கையன்கோட்டை அரிசி ஆலையில இருந்து ஆளே வந்துட்டார். "அந்த ராகு காலப் புரோகிராம்தான் வேணும், வேற வேண்டாம்"ங்கிறார். அவுகளுக்குக் கேபிளு அடிக்கடி அறுந்து போறதுதான் பிரச்சனை, இருந்தாலும் பேர் அப்படி நெலைச்சுப் போச்சு. எங்கப்பா மதர்கிட்ட, டைப்பிஸ்ட் வேலைய வேற புள்ளைக்குக் குடுத்துருங்கன்னு சொல்லிட்டாக. சொல்லும்போது சட்டைக் காலரத் தூக்கி விட்டுக்கிட்டாகளாம்.

கடைக்குப் புதுப் போர்டு எழுதக் குடுத்திருக்கேன். பெயிண்டர் எத்தனை பேருன்னு கேட்டார். ரெண்டுன்னேன். என்னால ஏத்தத்தான் முடியும், எழுத முடியாது. வாடி.

பெனிட்டா


சென்னை
21 செப்டம்பர் 2000, வியாழன்

பெனிட்டா,

உன் கடிதத்த ஆபீஸ்லயே படிச்சிட்டேன். அறுபத்து மூணுன்னு படிச்சதும் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். எங்க மேனேஜர் வந்து, "வீட்ல ஏதும் கெட்ட செய்தியா அய்யா?"ன்னு கேட்டார். "இல்ல சார், நான் எழுதுனது ஓடுது"ன்னேன். அப்பவே ராஜினாமாவும் எழுதிக் குடுத்துட்டேன். இந்த வாட்டி ஆறு மாசம் அவகாசம் கேக்கல.

எங்கப்பாவுக்குப் போன் போட்டேன். ராக்கப்பன் முதலாளி சனிக்கிழமை கோயிலுக்கு வந்து, அப்பா கடையில விளக்கு வாங்கி, "ஒங்க மக எங்க கம்பெனி வழக்கத்த மெஷினுக்குள்ள வச்சிருச்சு"ன்னு சொல்லிட்டுப் போனாகளாம். அப்பா அத எங்கிட்ட மூணு தடவ சொன்னாக. கம்ப்யூட்டர்னா என்னன்னு இன்னும் அவுகளுக்குத் தெரியாது.

கம்பத்து ஆபீஸ்ல கேபிள் இழுக்க ஆரம்பிச்சிராத, நான் வந்து இடம் பாக்கணும். போர்டுல என் பேர முழுசா எழுதச் சொல்லு, ஒரு எழுத்துக் குறையக் கூடாது.

அக்டோபர் 9, திங்கட்கிழமை காலையில பஸ் தேனி வந்து சேரும். ஏழு மணிக்கே வந்துரும், எறங்கி பஸ் ஸ்டாண்டுலயே டீ குடிச்சிக்கிட்டு இருப்பேன். எட்டு மணிக்குத்தான் கடைக்குள்ள கால் வைப்பேன். திங்கட்கிழமை ஏழரையில இருந்து ஒம்பது வரைக்கும் என்னன்னு இப்ப உனக்கே தெரியும். அப்பா ஒம்பதுக்கு மேல போன்னாக. முடியாதுன்னுட்டேன்.

கதவத் தொறந்து வை. பயந்தாங்கொள்ளி வர்றா.

அய்யம்மாள்